பஞ்சு ஓட்டிய வண்டி

ஆம்புலன்ஸ் டிரைவரான அவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்தது இடுப்பெலும்பு முறிந்துபோன ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். குளியலறையில் வழுக்கி விழுந்தவரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதோ, "அதுக்குள்ள வந்துட்டமா? பஞ்சு மேல படுத்த மாதிரில்ல இருந்துச்சு" என்றார். கூட நின்ற நர்ஸ்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அவர் பஞ்சுதான். சின்னவர்களுக்குப் பஞ்சண்ணன். டாக்டர்கள்கூட, "பஞ்சு வண்டி எங்க இருக்கு?" என்றுதான் போனில் கேட்பார்கள்.

சைரனை அலறவிட்டுப் பறக்கிற டிரைவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "உள்ள இருக்கிறவருக்கு ஏற்கெனவே உயிர் தொண்டைக்குழியில நிக்குது. நாம வேற ஊதி ஊதி எதுக்கு வெளிய தள்ளணும்?" என்பார். ஊரில் எந்தத் தெருவில் எந்தப் பள்ளம் என்று அவர் காலுக்கே தெரியும். பாலத்துக் கம்பி இணைப்பு வருவதற்கு முன்னால் அந்தக் கால் தானாகவே பெடலில் தளரும். அப்படி ஓட்டியும் மற்றவர்களுக்குப் பின்னால் அவர் வந்து சேர்ந்ததில்லை.

அவர் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறவர் என்பது ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கும், அவர் டீயில் சர்க்கரை போடுவாரா மாட்டாரா என்பதைவிட அது பெரிய செய்தியில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் ஒரு மதம்; பஞ்சுவின் வீடு இருக்கும் தெருவும் அதைச் சுற்றியுள்ள நாலைந்து தெருக்களும் இன்னொன்று. அவ்வளவுதான் விஷயம்.

ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடிப்பவன் நெட்டை. பெயருக்கேற்ற ஆள், வண்டிக்குள் நுழையும்போது ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிய மறந்து இடித்துக்கொள்வான். மாடிவீடுகளிலிருந்து ஆளை இறக்கும்போது உயரமானவன் கீழ்ப்பக்கம் பிடித்தால்தான் ஸ்ட்ரெச்சர் சரியாமல் மட்டமாக வரும். ஆகவே அவர்கள் ஜோடியைப் பிரிக்க வேண்டாமென்று டாக்டர்களே சொல்லிவைத்திருந்தார்கள். நெட்டை ஊரின் பெரும்பான்மை மதம். மத்தியானத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு, ஒரே படியில் உட்கார்ந்து, இவர் டப்பாவில் அவனும் அவன் டப்பாவில் இவருமாகச் சாப்பிடுவார்கள். நெட்டையின் மனைவிக்கு வலி எடுத்தபோது, லீவில் இருந்தும் வந்து வண்டியெடுத்தவர் பஞ்சு. பிள்ளையை முதலில் கையில் வாங்கியதும் அவர்தான். "அண்ணே, இவன் வளந்து உங்கள மாதிரி வண்டி ஓட்டட்டும்" என்றான் நெட்டை. "ஏன், உன்ன மாதிரி தலைய இடிச்சுக்கட்டுமே" என்றார் இவர்.

பிறகு ஆஸ்பத்திரி கைமாறியது. புதிய நிர்வாகம் முதல் வேலையாக எல்லாருக்கும் பேட்ஜ் அடித்துக் கொடுத்தது. சட்டையின் இடதுபக்கம் குத்திக்கொள்ள வேண்டும். போட்டோவுக்குக் கீழே, பத்தடி தூரத்திலிருந்து படிக்கும்படி கொட்டை எழுத்தில் முழுப் பெயர். நிர்வாகி ஒரு பெண்மணி, மரியாதையாகப் பேசுகிறவர். "நம்ம யாருன்னு நோயாளிக்குத் தெரிஞ்சாத்தான் நம்ம மேல நம்பிக்கை வரும்" என்று கூட்டம் போட்டுச் சொன்னார்.

பஞ்சுவின் முழுப் பெயரைப் படித்தால் போதும், அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று குழந்தையும் சொல்லிவிடும்.

அதே சமயத்தில்தான் எங்கோ தொலைவிலிருக்கும் ஓர் ஊரில் இரண்டு மதத்தாருக்கும் சண்டை மூண்டு, கடைகள் எரிந்து, ஆட்கள் செத்தார்கள். கேன்டீன் டிவியில் காலையிலிருந்து மாலைவரை அதே புகை. ஒருநாள் லேப்காரர், டீயை ஆற்றிக்கொண்டே, சிரித்த முகத்தோடு கேட்டார்: "என்ன பஞ்சு, உங்க ஆளுங்க ரொம்பத்தான் ஆட்டம் போடுறாங்க போல?"

தன் ஆட்கள் என்றால் அதுவரை பஞ்சுவுக்கு ஆம்புலன்ஸ் ஷெட்டில் இருப்பவர்கள்தான். "எனக்கு அந்த ஊர்ல யாரையும் தெரியாதுங்க" என்றார். மேஜையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் நெட்டையின் சிரிப்பும் இருந்தது. பழக்கதோஷத்தில் சிரித்திருப்பான் என்று விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாக நடந்தது. வெளியில் சொன்னால், இதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கும்படியான சமாச்சாரங்கள். வாசல் காவலாளி அவருடைய சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். கேட்டதற்கு, "எல்லாரோடதயும்தான் பாக்குறோம்" என்றார். பின்னால் வந்தவர் பை திறக்கப்படாமலே உள்ளே போனது. ஓய்வறையில் அவர் நுழைந்தால் பேச்சு பாதியில் நிற்கும். பிறகு யாராவது வெயிலைப் பற்றிச் சம்பந்தமில்லாமல் ஏதாவது சொல்வார்கள். "பஞ்சண்ணே" என்று கூப்பிட்ட புது நர்ஸ் ஒருத்தி பேட்ஜைப் பார்த்துப் படித்து "மிஸ்டர்" போட ஆரம்பித்தாள்.

வீட்டில் அவர் மனைவி தையல் மிஷினில் பள்ளிக்கூடச் சீருடைகள் தைத்துக்கொடுப்பவள். நடப்பதை அவர் சொல்லாமலே மோப்பம் பிடித்துவிட்டாள். "அந்த பேட்ஜத் திருப்பிக் குத்திக்கிட்டாத்தான் என்ன? கேட்டா, காத்துல திரும்பிடுச்சுன்னு சொல்லுங்க."

"பேர மறைக்க நான் என்ன திருடிட்டா வந்திருக்கேன்?"

"திருடியிருந்தா ஏன் திருடினன்னு கேப்பாங்க. இதுக்குக் கேள்விகூட இல்ல" என்றாள் அவள், வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு.

ஒருநாள் முற்பகலில் அந்த அழைப்பு வந்தது. முதல் மாடி வீடு. குறுகலான படிக்கட்டு, திருப்பத்தில் பாதி வழியை மறித்துக்கொண்டு ஒரு செருப்பு அலமாரி. உள்ளே, சோபாவில் ஒரு பெரியவர் சாய்ந்து கிடந்தார். ஒருகாலத்தில் அச்சகம் வைத்திருந்தவராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்ட வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகள் விசிறிக்கொண்டிருந்தாள். மகன் போனும் கையுமாகக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

பஞ்சு மண்டியிட்டு, பெரியவரின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தார். "ஐயா, ஒண்ணுமில்ல. நீங்க எதுவும் பண்ண வேண்டாம். நாங்க தூக்கிக்குறோம்."

அப்போது மகன் குனிந்தான். உதவத்தான் குனிகிறான் என்று பஞ்சு நினைத்தார். அவன் பேட்ஜைப் படித்தான்.

"கைய எடுங்க."

பஞ்சுவுக்குப் புரியவில்லை. "தம்பி, ஐயாவுக்கு வேர்த்துக் கொட்டுது. சீக்கிரம் போனாத்தான்..."

"கைய எடுங்கன்னு சொன்னேன். வேற டிரைவர அனுப்பச் சொல்லுங்க." நெட்டையின் பேட்ஜையும் படித்துவிட்டு அவன் பக்கம் திரும்பினான். "நீங்க நம்ம ஆளுதான? நீங்க ஓட்டுங்களேன்."

"எனக்கு லைசென்ஸ் இல்லைங்க" என்றான் நெட்டை. அதைத் தவிர அவன் வேறு எதுவும் சொல்லவில்லை.

மகள், "அண்ணா, இப்ப போய் இதெல்லாமா?" என்று கெஞ்சினாள். அவன் காதில் வாங்கவில்லை. டிவியில் பார்த்ததையும் போனில் வந்ததையும் சேர்த்துப் படபடவென்று கொட்டினான். இவங்க கையில கொடுத்தா போற வழியில என்ன செய்வாங்கன்னு தெரியாது, அங்க ஒரு டிரைவர் இப்படித்தான் என்று ஏதோ ஒரு கதை. பஞ்சு எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தம்பி, நான் அப்பாவத் தொடவே மாட்டேன். நீங்களும் இவரும் தூக்குங்க. நீங்க பின்னால கூடவே உக்காருங்க. நான் முன்னால ஓட்டுறது மட்டும்தான். நடுவுல கண்ணாடி இருக்கு, பாத்துக்கிட்டே வாங்க."

சோபாவிலிருந்து பெரியவர் வாயைத் திறந்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. "போலாம்பா" என்றார், பஞ்சுவைப் பார்த்து.

"அப்பா, நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் மகன்.

பஞ்சு கன்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டார். இன்னொரு வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. வர நேரமாகும் என்றார்கள். அதையும் மகனிடம் சொன்னார். "வரட்டும். நீங்க முதல்ல வீட்ட விட்டு வெளிய போங்க" என்றான் அவன். பஞ்சு இறங்கிப்போய் வண்டியில் ஏறி, ஸ்டியரிங்கில் கைவைத்து உட்கார்ந்துகொண்டார். மனசு மாறினால் அந்த நொடியே கிளம்பவேண்டும் என்று இன்ஜினை அணைக்கவில்லை. மேலே ஜன்னலில் மகன் தெரிந்தான். போனை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்தார்.

இரண்டாவது வண்டி வந்தது, ஏற்றியது, சைரன் அலறப் பறந்தது. பெரியவர் பாலத்தைத் தாண்டுவதற்குள் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றிவந்தது. மாடியிலிருந்து எடுத்தது. ஆம்புலன்ஸ் சீட்டில் ஓர் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கிறார். பின்னணியில் ஒரு பெண் அழும் சத்தம். பிறகு மகனின் குரல்: "எங்கப்பா மேல உயிருக்குப் போராடுறாரு. இவரு பாருங்க, எப்படி உக்காந்திருக்காருன்னு." கடைசியில் பேட்ஜில் இருந்த முழுப் பெயர், எழுத்துப் பிசகாமல்.

நிர்வாகி விசாரணை வைத்தார். ஏசி அறை, கண்ணாடி மேஜை. பஞ்சு நடந்ததைச் சொன்னார். அவருக்குப் பேச வராது. சொன்னதையே இரண்டு தடவை சொன்னார். "அவரக் கேளுங்க, அவரு கூடவே நின்னாரு" என்று நெட்டையைக் காட்டினார். கன்ட்ரோல் ரூமில் கேட்டதற்கு, இரண்டாவது வண்டி கேட்டு போன் வந்தது உண்மை, காரணம் எங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

நெட்டை மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஸ்ட்ரெச்சர விரிச்சிட்டு இருந்தேன் மேடம். என்ன பேசிக்கிட்டாங்கன்னு சரியா கவனிக்கல."

"அவங்க வேண்டாம்னு சொன்னாங்களா, இல்ல இவரா இறங்கிப் போனாரா?"

"சரியா கவனிக்கல மேடம்."

பஞ்சு அவன் முகத்தைப் பார்த்தார். கோபம்கூட உடனே வரவில்லை. கூடவே ஓடிவந்த நாய் சடாரென்று கையைக் கடித்தால், வலி வருவதற்கு முன்னால் ஒரு திகைப்பு வருமே, அதுதான் வந்தது.

வெளியே வந்ததும் வராந்தாவில் கேட்டார்: "ஏன்டா?"

"அண்ணே, அந்தாளு வீடு எங்க தெருவுக்கு அடுத்த தெரு. ஒரு பெரிய கூட்டமே அவன் பின்னால நிக்குது. நான் அங்கதான குடியிருக்கணும்? பிள்ளகுட்டிக்காரன்ணே நான்."

"நான் மட்டும் மரத்துலயா குடியிருக்கேன்?"

நெட்டை ஷெட்டுப் பக்கம் நடந்துவிட்டான்.

நிர்வாகி அவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கச் சொன்னார். "உங்க மேல தப்பு இல்லன்னு எனக்கு நல்லாவே தெரியும். ஆனா ஆஸ்பத்திரி பேரயும் பாக்கணும் இல்லையா? கொஞ்ச நாளைக்கு உங்கள நோயாளிங்க வண்டியில போட முடியாது. உங்களுக்கு வேலை போகாது. மார்ச்சுவரி வண்டி இருக்கு, அத ஓட்டுங்க."

வண்டிகளுக்குப் பொறுப்பான மேஸ்திரி சாவியைக் கையில் கொடுக்கும்போது, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: "ஒரு விதத்துல இது நிம்மதியான வேலைப்பா. உள்ள இருக்கிறவங்க யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

கறுப்பு வண்டியை அவர் ஓட்டினார். பள்ளத்தைப் பார்த்தால் கால் இன்னும் தானாகவே தளர்ந்தது. யாருக்காக என்று ஒருநாள் கேட்டுக்கொண்டார். அன்று வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் வேகமாக விட்டுப் பார்த்தார். பின்னால் பெட்டி தடக்கென்று ஆடியது. வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். தன் கையிலிருந்த ஒரே நல்ல விஷயத்தையும் தானே கெடுத்துக்கொள்ளப் பார்த்தது அவருக்குத் தாங்கவில்லை.

பெரியவரின் மகள் ஒரு மத்தியானம் மார்ச்சுவரிப் பக்கம் தேடிக்கொண்டு வந்தாள். தலையில் துணியைப் போட்டு முகத்தைப் பாதி மறைத்திருந்தாள். வெயிலுக்கென்று பார்த்தால் நிழலுக்கு வந்த பிறகும் எடுக்கவில்லை.

"அண்ணா, நீங்க எவ்வளவு கேட்டீங்கன்னு நான் பாத்தேன். அப்பா போலாம்னு சொன்னதும் என் காதுல விழுந்துச்சு. எங்கண்ணனாலதான் அப்பா போனாரு. தினமும் அதையே நினைச்சு அழறேன். என்னை மன்னிச்சிடுங்க."

பஞ்சு எழுந்து நின்றார். "அம்மா, ஆபீஸ் இதோ எதிர்லதான். நிர்வாகி உள்ளதான் இருக்காங்க. இந்த ஒரு வார்த்தைய அவங்ககிட்ட வந்து சொல்லிடுங்க. போதும்."

அவள் முகம் சுண்டிப்போனது. "அது எப்படிண்ணா? அப்பா இருந்தவரைக்கும் அப்பா வீடு. இனிமே எனக்குப் பொறந்த வீடுன்னா அண்ணன்தான். அவரக் காட்டிக்கொடுத்துட்டு நான் எங்க போவேன்?"

"அப்ப எதுக்கும்மா வந்தீங்க?"

"உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நடந்தது எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

அவள் அழுதாள். பஞ்சு தேற்றவில்லை. அழுகிறவர்களைத் தேற்றுவது அவருக்குக் கைவந்த கலை. வந்தவள் பாரத்தை இறக்கிவைத்துவிட்டு லேசாகப் போய்விட்டாள் என்று அன்று மாலை மனைவியிடம் சொன்னார். "இறக்கிவெச்ச இடம்தான் நானு."

சில மாதங்களில் வீடியோவை ஊர் மறந்தது. சைரன் டிரைவர்களின் ஓட்டத்தில் முதுகெலும்பு நோயாளிகள் இரண்டு பேர் அவஸ்தைப்பட்டதும் டாக்டர்கள் பஞ்சுவைக் கேட்டார்கள். நிர்வாகி மறுபடியும் உட்காரவைத்து, மறுபடியும் தண்ணீர் கொடுத்தார். "திரும்ப வந்துடுங்க. ஒரே ஒரு சின்ன மாற்றம்." மேஜையில் புது பேட்ஜ் இருந்தது. அதே போட்டோ. கீழே 'பஞ்சு' என்று மட்டும் போட்டிருந்தது. "எல்லாரும் அப்படித்தான கூப்பிடுறாங்க? உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவ்வளவு ஆசையாகக் கேட்டுப் பழகிய பெயர். ஒரு நோயாளி வலியை மறந்து வாழ்த்திக் கொடுத்த பெயர். அதையும் இப்போது முகமூடியாக்கி நீட்டுகிறார்கள்.

"மேடம், எல்லாருக்கும் இப்படிச் செல்லப் பேரா போட்டிருக்கீங்களா?"

"இல்ல. உங்களுக்கு மட்டும்தான்."

"அப்ப வேண்டாங்க" என்று பேட்ஜையும் வண்டிச் சாவியையும் மேஜையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

மனைவி இரண்டு நாள் தையல் மிஷினை விட்டு நிமிரவில்லை. மூன்றாம் நாள், "பேட்ஜுல பஞ்சுன்னு இருந்தா உங்களுக்கு ஒரு கை கம்மியாயிடுமா? நானும் பிள்ளைங்களும் கௌரவத்த வேகவெச்சுத் திங்க முடியாது" என்றாள். அவரும் சண்டைக்கு நிற்கவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சல். ஒரு ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. விடியும் முன் ஏற்றி, பொழுது ஏறுவதற்குள் கடைகளுக்குப் போட்டுவிட்டு வரவேண்டும். மெதுவாக ஓட்டுகிறார் என்று முதல் வாரமே புகார். வேகமாக ஓட்டக் கற்றுக்கொண்டார்.

பஞ்சுவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, மற்ற மதத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் குடியிருந்தது. கணவன் கொத்துவேலை செய்பவர், நிறைமாத மனைவி, அவளுடைய மாமனார், மாமியார், கொழுந்தன். தெருவில் பார்த்தால் சிரித்துப் பேசுகிறவர்கள். ஒருநாள் பஞ்சு ரொட்டி போட்டுவிட்டு வேனை வாசலில் நிறுத்தும் நேரத்துக்கு, கொத்தனார் ஓடிவந்தார். "அண்ணே, இவளுக்கு வலி வந்துடுச்சு. ஆம்புலன்ஸ் லேட்டாகுமாம். உங்க வேன்ல கொஞ்சம்..."

பஞ்சுவின் கை சாவிக்குப் போனது. பிறகு நின்றது.

"உங்க அப்பாவக் கூப்பிடுங்க" என்றார்.

"அண்ணே?"

"உங்க அப்பா, அம்மா, தம்பி, எல்லாரையும் கூப்பிடுங்க. நான் ஓட்டுறது அவங்களுக்குச் சம்மதமான்னு தெரியணும்."

கொத்தனாருக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பெண் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றாள். வீட்டிலிருந்து எல்லாரும் வந்தார்கள். தெருவும் வேடிக்கை பார்த்தது. பஞ்சு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார். "நான் எந்த மதம்னு தெரியும்ல? நான் ஓட்டலாமா? வாயத் தொறந்து சொல்லுங்க." மாமனார், "என்னப்பா இது, நம்ம பஞ்சு ஓட்டுறதுக்கு என்ன" என்று தடுமாறினார். "ஆமான்னு சொல்லுங்க ஐயா." "ஆமாம்." மாமியாரும் சொன்னார். கொழுந்தன் போனை எடுத்தபோது, "அதக் கீழ வை, இல்லேன்னா நான் கேக்குறதையும் சேத்து வீடியோ எடு" என்றார். கடைசியாக அந்தப் பெண்ணிடமே திரும்பினார். அவள் வலியில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாம், ஆமாம்" என்றாள்.

அதன் பிறகுதான் வேனின் கதவைத் திறந்தார். ரொட்டித் தட்டுகளை இழுத்து ஓரம் தள்ளி, தன் வீட்டு மெத்தையைக் கொண்டுவந்து விரித்தார். அவளைப் படுக்கவைத்து, காலின் பழைய பக்குவத்தோடு ஓட்டினார். தண்ணீர் நிரம்பிய டம்ளரை வைத்திருந்தால் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது. பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பேரும் நலம்.

மெத்தையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்: "பிரசவ வலியில நிக்கிறவள நிறுத்திவெச்சுக் கேள்வி கேட்டீங்களே. அவன் உங்கள நிக்கவெச்சதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"கேக்காம ஏத்திட்டுப் போயி, வழியில ஏதாவது ஆகியிருந்தா?"

அவள் மெத்தையை மறுபக்கம் திருப்பிப் போட்டாள். முன்பெல்லாம் யாராவது வாசலில் வந்து நின்றால் அவர் கண் முதலில் போவது அவர்கள் எங்கே கையை வைத்துக்கொண்டு வலிக்கிறது என்கிறார்கள் என்பதற்குத்தான். அந்தக் கண் போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டவர்கள் யாரும் அதை வைத்து ஒன்றும் செய்துகொள்ளவில்லை என்பதும்.

கொத்தனார் இப்போதும் தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார். நின்று பேசுவதில்லை. பஞ்சுவும் நிற்பதில்லை.